அக்காவின் காது மெஷினுக்கு அடித்த நிறம்

தெருவில் என்னோடு பாண்டி ஆடியவர்களில் பாதிப் பேர் இப்போது திருப்பூரில் இருக்கிறீர்கள். மற்றவர்கள் கட்டிக்கொடுத்த ஊர்களில். அக்கா செத்தபோது வர முடியாதவர்கள் எல்லாம் போன் செய்தீர்கள். "எப்படிடி ஆச்சு?" என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். "லாரி ரிவர்ஸ்ல வந்துச்சு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதுக்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. வாய்ஸ் மெசேஜ் போடலாம் என்று பார்த்தால் பாதியிலேயே அழுகை வருகிறது. அதனால் எழுதுகிறேன். லாரியிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குப் புரியாது. நாம் ஐந்தாவது முடித்த அந்தக் கோடை லீவிலிருந்து சொன்னால்தான் புரியும்.

அக்காவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து காது போனது உங்களுக்குத் தெரியும். பேச்சு இருந்தது, கொஞ்சம் சத்தமாகப் பேசுவாள், அவ்வளவுதான். எதிரே நின்று பேசினால் நம் உதட்டைப் பார்த்தே முக்கால்வாசி பிடித்துவிடுவாள். பத்தாவது முடித்து வீட்டில் இருந்தாள். அந்தப் பங்குனியில் அரியலூரில் முகாம் போட்டு அவளுக்குக் காது மெஷின் கொடுத்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்டுகிற, அவரைக்காய் அளவு பிளாஸ்டிக்.

மாட்டிவிட்டு பஸ்ஸில் கூட்டிவந்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்கு தின்றாள். திடீரென்று நிறுத்தி, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னாடி?" என்றாள் அம்மா.

"முறுக்கு இவ்ளோ சத்தம் போடுமா? நீங்கள்லாம் எப்படித் திங்கிறீங்க?"

பஸ்ஸே சிரித்தது. அம்மா என்னமோ சொல்ல, அக்கா அவள் முகத்தையே பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து கேட்டாள்: "குட்டி, அம்மா கொரலு எப்பவும் இப்படி ஆம்பள மாதிரிதான் இருக்குமா?" ரகசியம் என்று நினைத்துச் சொன்னாள். கண்டக்டர் வரைக்கும் கேட்டது. அம்மா வீடு வந்து சேர்கிறவரை பேசவில்லை.

மெஷின் இளஞ்சிவப்பு. முகாமில் அதைத் தோல் கலர் என்றுதான் சொன்னார்கள். யாருடைய தோலோ. நம் தெருவில் அந்தக் கலரில் ஒருத்தரும் கிடையாது. அக்கா நல்ல கறுப்பு. அவள் காதில் அது சப்பித் துப்பிய பபிள்கம் ஒட்டியிருந்த மாதிரி இருந்தது. அவளே கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மாட்டறதுன்னு ஆயிருச்சு. நல்லாவாவது இருக்கட்டும்" என்றாள்.

நெயில் பாலிஷ் கொண்டுவந்தது உங்களில் ஒருத்திதான். கல்யாணத்துக்கு வாங்கியது, சிவப்பில் தங்கப்பொடி மின்னும். கிணற்றடியில் வேப்ப நிழலில் உட்கார்ந்து அக்கா தன் மெஷினுக்கு அடித்தாள். சத்தம் நுழைகிற சின்ன ஓட்டைகளை விட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குட்டிப் பிரஷ்ஷால் இழுத்து இழுத்து. அந்த வாசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது, ஆனால் எங்கே வந்தாலும் நின்று மோந்து பார்ப்பேன். காய்ந்ததும் மாட்டி, முடியைத் தூக்கிக் கொண்டை போட்டாள். காதில் செம்பருத்தி மொக்கு வைத்த மாதிரி இருந்தது.

"எல்லாரும் பாப்பாங்களேக்கா" என்றேன்.

"பாக்கட்டும்டி. தெரிஞ்சாத்தான முன்னாடி வந்து நின்னு பேசுவாங்க. தெரியலன்னா முதுகுக்குப் பின்னாடி நின்னு கத்துவாங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

அப்படித்தான் நடந்தது. குழாயடியில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் பெண்கள் சுற்றி வந்து எதிரே நின்று பேசினார்கள். பெட்டிக்கடைக்காரர், "வாம்மா, செவப்புக் காது" என்று கூப்பிட்டுவிட்டு முகத்தைப் பார்த்துச் சாமான் கேட்டார். அக்கா அந்த வாரம் முழுக்கக் கடைக்குத் தானே போனாள். அதற்கு முன்னால் என்னைத்தான் அனுப்புவாள்.

மெஷினில் ஒரு கஷ்டம் இருந்தது. பேச்சும் இரைச்சலும் ஒன்றாகவே வரும். மெயின் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி போனால் காதுக்குள் கல்லைக் கொட்டுகிற மாதிரி இருக்கும் என்பாள். லாரி வந்தாலே ஆஃப் செய்துவிடுவாள்.

கெடுத்தது பெரியம்மா. அவள் மனசில் கெட்டது இல்லை. வாசலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "ஊருக்கே தமுக்கு அடிச்ச மாதிரி இருக்கேடி. நாளைக்குப் பொண்ணு கேட்டு வரவன் மூஞ்சிய பாப்பானா, காதைப் பாப்பானா?" என்றாள். பெரியம்மா போனதும் அம்மா பிளேடு எடுத்தாள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தாள். சிவப்பு தூள் தூளாக முறத்தில் விழுந்தது. கீறலோடு மறுபடியும் அந்த பபிள்கம்.

மே மாத மாதா திருவிழாவுக்கு முன்னால் கோயில் சிலைகளுக்கு, சுரூபங்களுக்கு, பெயிண்ட் அடிக்க ஒருத்தர் வருவாரே, கும்பகோணத்துக்காரர், நாமெல்லாம் சுரூபக்காரர் என்போமே. கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் சூசையப்பரும் செபஸ்தியாரும் வைக்கோல் மேல் படுத்திருப்பார்கள், நாம் வேடிக்கை பார்க்கப் போய் விரட்டு வாங்குவோம். சுரூபங்களைப் பீடத்திலிருந்து இறக்குகிற ஆட்களில் அப்பாவும் ஒருத்தர். அன்றைக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மெஷினைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார்.

சுரூபக்காரர் கோபத்தில் இருந்தார். "போன வருசம் நான் வராதப்ப எவன்யா சூசையப்பருக்குத் தாடி அடிச்சது? கரடி மாதிரி இருக்காரு. கையில இருக்குற கொழந்த பயந்துராது?"

"அண்ணே, ஒரு சின்ன வேல" என்று அப்பா கைக்குட்டையைப் பிரித்தார்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "என்னய்யா இது, றெக்க வச்ச சம்மனசோட செருப்பா?"

"பெரிய பாப்பாவோட காது மெஷின்ணே. மாட்டுனா தனியாத் தெரியுது. அவ கலருக்கு அடிச்சுக் குடுங்க."

"எல்லாச் சாமிக்கும் நான் ஒரே டப்பாதான்யா தோலு கலக்குறது. வெள்ள, கொஞ்சம் மஞ்ச, ஒரு சொட்டு செவப்பு. கறுப்புத் தோலுன்னா கிறிஸ்மஸ் குடில்ல வர்ற மூணு ராஜாவுல ஒருத்தருக்கு மட்டும்தான். சரி, பாப்பாவக் கூப்பிடு. ஆளப் பாக்காம கலக்க முடியாது."

நான் ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன். அவள் வந்ததும் டப்பாக்களைத்தான் பார்த்தாள். மாதாவின் முக்காட்டுக்குக் கரைத்து வைத்திருந்த நீலத்தைக் காட்டினாள்.

"பெரியப்பா, இதை அடிச்சுருங்க."

"நீலத்துலயா? பாம்பு கடிச்ச காது மாதிரில்ல இருக்கும் பாப்பா."

"இருக்கட்டும் பெரியப்பா. தூரத்துலேர்ந்தே தெரியும்ல."

அப்பா டப்பாக்களைப் பார்த்தபடி சொன்னார்: "தெரியக் கூடாதுன்னுதான்டி வந்துருக்கேன்."

முகம் அந்தப் பக்கம் இருந்ததால் அக்காவுக்குத் தெரியவில்லை. மெஷினும் காதில் இல்லை. என் தோளைத் தட்டி, "அப்பா என்னா சொல்றாரு?" என்றாள். நான் வாயை மட்டும் அசைத்தேன், தெரியக் கூடாதாம் என்று. அவள் அப்பாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு சுரூபக்காரர் கேட்டபடி கையை நீட்டினாள்.

அவர் ஒவ்வொரு கலவையையும் அவள் முன்கையில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தார். முதல் பொட்டு வெல்லம் மாதிரி. அடுத்தது காபி. "நெழல்ல நிக்காத, வெயிலுக்கு வா" என்று வெளியே இழுத்துப்போனார். கறுப்பைத் தொட்டார், காவியைத் தொட்டார், நீலத்திலும் ஒரு துளி தொட்டுக் கலந்தார். வரிசையாகப் பொட்டு. கடைசிப் பொட்டை வைத்துவிட்டு ஊதினார், காய்ந்தது, அங்கே ஒன்றுமே இல்லை.

"காணோம்யா!" என்று கத்தினார். "வச்ச பொட்டக் காணோம்யா! வந்து பாரு!"

அப்பா ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துத் தேடினார். நானும் தேடினேன். அக்கா நகத்தால் சுரண்டியபோதுதான் எங்கே இருந்தது என்று தெரிந்தது. அப்பா சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தியை உருக்கி, மெஷினின் ஓட்டைகளை அடைத்து, மேலே பெயிண்ட் அடித்து, அப்புறம் குண்டூசியால் மெழுகைத் தோண்டி எடுத்தார். நல்ல வேலை. ஒரு துளி உள்ளே போகவில்லை. பெயிண்ட் அடித்த மாதாவைக் கொடியேற்றம் வரைக்கும் யாரும் பார்க்கக் கூடாது என்று வெள்ளைத்துணி போட்டு மூடுவார்களே, மெஷினையும் அந்தத் துணிக்குள்ளேயே மாதாவின் காலடியில் வைத்துவிட்டார். "அங்கயே காயட்டும். அவசரப்பட்டா பெசுபெசுன்னு ஒட்டும்."

அந்த நாட்களில் அக்கா பழையபடி ஆகிவிட்டாள். கடைக்கு நான் போனேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் வருவதற்கு முன்னால் அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே கிடையாது. இப்போது பால் வழிந்ததைப் பார்த்துவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

கொடியேற்றத்தன்று துணியை எடுத்தார்கள். வெடி போட்டார்கள், மேளம். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெஷினைச் சாமியாரிடம் கொண்டுபோனார், மந்திரிக்க. சாமியார் தீர்த்தத்தை ஓங்கினார். அப்பா பதறிப்போய் இரண்டு கையாலும் மெஷினை மூடிக்கொண்டார்.

"சாமி, சாமி, தண்ணி பட்டா கெட்டுப்போயிரும்!"

"அப்ப எதுக்குய்யா நீட்டுன?"

"மந்திரிக்கத்தான் சாமி."

சாமியார் தண்ணீரைத் தரையில் தெளித்துவிட்டு, மெஷினுக்கு மேல் விரலால் காற்றில் சிலுவை போட்டார்.

அக்கா மாட்டிக்கொண்டு திரும்பினாள். உங்களுக்கும் நினைவிருக்கும், நாமெல்லாம் கை தட்டினோம். பெண்கள் மூக்கு உரசுகிற மாதிரி கிட்டே வந்து பார்த்தார்கள். "எந்தக் காதுலடி? இதுவா, அதுவா?" "பொறக்கும்போதே இருந்த மாதிரில்ல இருக்கு!" பெரியம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அப்பா சுரூபக்காரரை வீட்டுக்குக் கூட்டிவந்து கோழி அடித்துச் சோறு போட்டார். அக்காவும் பரிமாறினாள். சுரூபக்காரர் பின்னால் இருந்து "பாப்பா, கொஞ்சம் ரசம்" என்று கேட்டார். மேளச் சத்தத்துக்கு ஆஃப் செய்ததை அவள் திரும்பப் போடவில்லை போல. மறுபடி கேட்டார். அப்புறம் அவரே எழுந்து ஊற்றிக்கொண்டு, "ஏம்ப்பா, நான் அடிச்ச பெயிண்டுல பாப்பாவுக்குக் காது கேக்காதுங்கறது எனக்கே மறந்துபோச்சு" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

அப்பாவைத் தப்பாக நினைக்காதீர்கள். அவருக்கு அவள்மேல் உயிர். மறைத்தால் யாரும் அவளைச் செவிடி என்று கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தார். அது நடந்தது. அதற்குப் பிறகு யாரும் செவிடி என்று சொல்லவில்லை. திமிர் பிடித்தவள் என்று சொன்னார்கள். ஜெயங்கொண்டத்தில் பஸ்ஸில் ஒரு பாட்டி இடம் கேட்டும் இவள் திரும்பாமல் நின்றதற்கு, "மரம் நட்டு வச்ச மாதிரி நிக்கிறா பாரு" என்று திட்டியது. குழாயடியில் புதிதாக வாக்கப்பட்டு வந்தவள், "கூப்பிட்டா மதிக்க மாட்டேங்குறா" என்று குடத்தை நங்கென்று வைத்தாள். நான் கூட இருந்தால் சொல்லிவிடத் துடிப்பேன். அக்காவே என் கையைக் கிள்ளுவாள். யாரிடமும் சொல்வதில்லை என்று அப்பாவிடம் சத்தியம் செய்திருந்தாள்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா ஒரே வாக்கியம்தான் சொல்வார். அவர்கள் கேட்காமலேயே சொல்வார். "பொண்ணுக்கு எல்லாம் நல்லா கேக்கும்ங்க." ஒரு இடம் பூ வைக்கிற வரைக்கும் வந்து, யாரோ சொல்லித் தெரிந்து நின்றுபோனது. அப்பா அதிலிருந்து இன்னும் இறுகிப்போனார். வருடாவருடம் சுரூபக்காரர் வரும்போது சாமிகளோடு மெஷினுக்கும் ஒரு கோட்டிங். முகாமில் பழையதை வாங்கிக்கொண்டு புதிது கொடுத்தபோது, அதற்கும் அதே கறுப்பு. அக்கா அதற்கு அப்புறம் எந்தக் கலரும் கேட்கவில்லை.

நான் எட்டாவதோடு நின்று அம்மாவோடு முந்திரி உடைக்கப் போனேன். அக்கா பெரம்பலூர் ரோட்டில் அட்டைப்பெட்டி கம்பெனியில் சேர்ந்தாள். வேனில் போய் வேனில் வருவாள். சேர்கிற அன்று அப்பா வேன் வரைக்கும் போய், அவள் முகத்துக்கு நேரே நின்று, "அங்க யார்கிட்டயும் சொல்லிக்காத. வேலக்கி வேண்டாம்பாங்க" என்றார். அவள் தலையாட்டினாள். உள்ளே கம்பெனி மெஷின்கள் ஓடுகிற இரைச்சலில் காது மெஷினை ஆன் செய்து வைக்க முடியாது. காலையில் போனதும் ஆஃப் செய்தால் சாயங்காலம் வேன் ஏறித்தான் போடுவாள். எதிரே நின்று பேசுகிறவர்களை வைத்தே வேலையைச் சமாளித்தாள். "நல்ல பொண்ணு, ஆனா பேச்சு கம்மி" என்று பெயர்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறாள். லோடு ஏற்ற வந்த லாரி பின்னால் வந்தது.

பாடியைக் கொண்டுவந்தபோது காதில் மெஷின் இருந்தது. குளிப்பாட்டியவர்களுக்கே தெரியவில்லை. அம்மா கையை வைத்துத் தடவித்தான் எடுத்தாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு அப்புறம், வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, வயசான ஒருத்தர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். காக்கிப் பேண்ட், மேலே வெள்ளைச் சட்டை.

"நான் கம்பெனி கேட் வாட்ச்மேனுங்க" என்றார். "முன்னாடியே வரணும்னு பாத்தேன். தைரியம் வரல."

அம்மா பாயைப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"லாரி பின்னாடி வருதுங்க. பாப்பா நடுவுல போகுது. 'பாப்பா தள்ளு, பாப்பா தள்ளு'ன்னு நான் கத்துறேன். லோடு ஏத்துறவனும் கத்துறான். நான் நின்ன எடத்துக்கும் பாப்பாவுக்கும் தூரமே இல்லீங்க. ஓடியிருந்தா இழுத்துருப்பேன். கூப்பிட்டா திரும்பிரும்னு நின்னுட்டேங்க."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கம்பெனில கண்டதையும் பேசுறாங்க. லவ்வுன்றாங்க, வீட்டுல கஷ்டம்ன்றாங்க. தெரிஞ்சேதான் நின்னுச்சுன்றாங்க. எனக்குச் சோறு எறங்கலீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவுக்குக் காது நல்லா கேக்கும்லீங்க?"

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பூசைக்குப் போட்ட வேட்டி கசங்கியிருந்தது.

"நல்லா கேக்கும்ங்க" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தெரிந்து சொல்லவில்லை. இத்தனை வருடமாக அந்தக் கேள்விக்கு வாய் சொல்லிப் பழகிய பதில், தானாக வந்து விழுந்துவிட்டது. சொன்ன பிறகு அவர் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டார். "அப்பன்னா... தெரிஞ்சேதான் நின்னுருக்கு" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. கும்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

நான் அப்பா சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ஓடினேன். தெருவில் செருப்பில்லாமல் ஓடினேன், வெயில் காலைச் சுட்டது. பஸ் ஸ்டாப்பில் அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயங்கொண்டத்துக்குப் போகிறவர்கள், முந்திரி மூட்டையோடு இரண்டு பேர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லோரும் இருந்தார்கள்.

"ஐயா, எங்கக்காவுக்குக் காது கேக்காது" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார்.

"சின்ன வயசுலேர்ந்து கேக்காது. காதுல மெஷின் மாட்டியிருந்தா. கறுப்புப் பெயிண்ட் அடிச்சது, அதான் உங்களுக்குத் தெரியல. நீங்க கூப்பிட்டது அவளுக்குத் தெரியாதுங்கய்யா. அவ சாகறதுக்கு நிக்கல. டிபன் பாக்ஸக் கழுவிட்டு வந்தா, அவ்ளோதான்."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாப் முழுக்க என்னையே பார்த்தது. வாட்ச்மேன் அப்படியே கீழே உட்கார்ந்து, "இதைச் சொல்லியிருக்கலாமே பாப்பா" என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஓடியிருப்பேனே." அவருடைய பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. அடுத்தது வரைக்கும் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது அப்பா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்ப்பா."

"யார் யார் இருந்தாங்க?"

"எல்லாருந்தான்."

அப்பா தலையை ஆட்டினார். நிலைப்படியைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"சரி" என்றார். "எனக்கு வாய் வரலடி குட்டி."